சும்மா இருக்க ஒரு இடம்

பாங்கொக்கில் லும்பினி பூங்காவில் ஒரு மரத்தடியில் இருந்துகொண்டு அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன். முன்னால் குளம், குளத்துக்கு அங்கால் கண்ணாடிக் கட்டடங்கள். ஃபோனைச் சுற்றிக் காட்டினேன். அம்மா மரத்தையும் பார்க்கவில்லை, குளத்தையும் பார்க்கவில்லை.

“ஆரோட இருக்கிறாய்?”

“தனியத்தான்.”

“தனியவோ? அங்கை என்ன செய்யிறாய்?”

“சும்மா இருக்கிறன் அம்மா.”

“சும்மாவோ? சும்மா ஏன் உந்த வெளியிலை இருக்கிறாய்? அறைக்குப் போவன்.”

கோலை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அம்மா கேட்ட கேள்வியை அதுவரைக்கும் நானும் எனக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வந்து முக்கால் மணித்தியாலம். ஒன்றும் வாங்கவில்லை, ஒருத்தரையும் சந்திக்கவில்லை, எதற்காகவும் காத்திருக்கவில்லை. யாராவது வந்து “இஞ்சை என்ன செய்யிறீங்கள்?” என்று கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே என்று மனம் உள்ளுக்குள் தேடிக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பூங்காவைப் பற்றியது. கூடவே, வராத அந்த ஆளைப் பற்றியதும்.

ஒரு பயிற்சிப் பட்டறைக்காக நான்கு நாள் பாங்கொக் போயிருந்தேன். கடைசி நாள் பின்னேரம் ஓய்வு. கூட வந்த ஆக்கள் எல்லாரும் மோலுக்கு வெளிக்கிட்டார்கள். நான் பூங்காவுக்குப் போனதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. கையில் காசு முடிந்துவிட்டது. பூங்காவுக்குள் போகக் காசில்லை. அவ்வளவுதான்.

சாலா டேங் ஸ்கைட்ரெயின் நிலையத்தில் இறங்கி நடந்தால் ஒரு பெரிய சந்தி வரும். மேலே பாலம், கீழே கார், மோட்டச்சைக்கிள், பஸ். கொழும்பு பொறளைச் சந்தியை நான்கால் பெருக்கினால் எப்படியோ அப்படி. அந்தச் சந்தியைப் பார்த்தபடி ஆறாம் ராமா மன்னரின் சிலை. சிலைக்குப் பின்னால் பூங்கா வாசல். ரிக்கெற் இல்லை. பெயர் எழுதும் புத்தகம் இல்லை. உள்ளே போனதும் சத்தம் திடீரென்று நிற்கவில்லை, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குப் போனது. வெயிலும் அப்படித்தான்.

அளவைச் சொன்னால் விளங்கும்: 360 ராய் என்பது தாய்லாந்துக் கணக்கு. ஏக்கரில் 142. எங்கட ஊர்க் கணக்கில் 2,270 பரப்புக்குக் கிட்ட. நாட்டிலேயே நிலம் மிக விலை கூடிய பகுதிகளில் ஒன்றில், நான்கு பெரிய வீதிகளுக்கு நடுவில், இவ்வளவு நிலம் எதையும் விற்காமல் கிடக்கிறது. சுற்றி ஓடும் பாதை மட்டும் கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோமீற்றர்.

அங்கே சனம் என்ன செய்கிறது? சிலர் ஓடுகிறார்கள். சிலர் நடக்கிறார்கள். நரைத்த சீனக் கிழவர்கள் காற்றைத் தள்ளுவதுபோல மெதுவாகக் கையை அசைக்கிறார்கள். அன்னம் மாதிரிச் செய்த மிதி வள்ளத்தில் ஒரு குடும்பம். திறந்தவெளியில் இரும்புத் தட்டுகள் தூக்கும் பெடியள், அவர்களோடு எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு ஐயா. இதையெல்லாம் ‘செய்தல்’ என்று சொல்லலாம். ஆனால் நான் எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் செய்யாமல் இருந்த ஆக்கள்தான் கூட. என்னிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், பாய் விரித்துப் படுத்து, கையால் கண்ணை மறைத்து நித்திரை. பக்கத்தில் சப்பாத்தைக் கழற்றி வைத்திருந்தாள். அவளைச் சுற்றி ஒரு காவலும் இல்லை. நடந்து போனவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொது இடத்தில் கண்ணை மூட எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! நான் பஸ்ஸில்கூட பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் கண்ணை மூடுவேன்.

அப்போதுதான் குளத்திலிருந்து அது ஏறி வந்தது. ஒன்றரை மீற்றர் நீளம் இருக்கும். நாக்கை நீட்டி நீட்டி, ஓடுபாதையைக் குறுக்கே கடந்தது. ஓடி வந்த ஒருவர் நின்று, அது போன பிறகு மறுபடி ஓடத் தொடங்கினார். பஸ்ஸுக்கு வழி விடுவதுபோல.

கபரகொய்யா. கொழும்பு, வத்தளைக் கால்வாய்க் கரைகளில் நாங்கள் பார்க்கிற அதே இனம். எங்கட ஆக்களுக்கு உடும்பு என்றால் கறி, கபரகொய்யா என்றால் கல்லு. வளவுக்குள் வந்தால் விரட்டாமல் விடமாட்டோம். தாய்லாந்திலும் அதற்குப் பெரிய மரியாதை கிடையாது. அதன் தாய் மொழிப் பெயரே ஒரு கெட்ட தூஷண வார்த்தை. வாயால் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் ‘வெள்ளியும் தங்கமும்’ என்ற பொருளில் ஒரு செல்லப் பெயர் வைத்துச் சமாளிக்கிறார்கள். இருந்தும் லும்பினியில் அதற்கு இடம் இருக்கிறது. 2016 இல் அவற்றின் எண்ணிக்கை சுமார் 400 ஆகிவிட்டது, செடிகளை நாசமாக்குகின்றன, ஓடுகிறவர்களும் சைக்கிள்காரரும் பயப்படுகிறார்கள் என்று நகர நிர்வாகம் ஒரு பகுதியைப் பிடித்து ராச்சபுரி மாகாணத்தில் உள்ள வனவிலங்கு நிலையத்துக்குக் கொண்டுபோனது. ஒரு பகுதியைத்தான். மிச்சம் இன்னும் குளத்தில் இருக்கின்றன. ஒருவருக்கும் பிடிக்காத, ஒருவருக்கும் உதவாத ஒரு பிராணியும் நகரத்தின் நடுவில் வெயில் காய்கிறது. அது ‘இஞ்சை என்ன செய்யிறாய்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பூங்கா உருவான கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். அதைப் படித்தபோதுதான் எனக்கு இதில் எழுத ஒன்று இருக்கிறது என்று தோன்றியது.

ஆறாம் ராமா மன்னர் 1920களில் இந்த நிலத்தைக் கொடுத்தது சனம் சும்மா இருக்க மட்டும் அல்ல. அவர் முதலில் நடத்த நினைத்தது பெரிய கண்காட்சி. சியாமில் என்னென்ன விளைகிறது, என்னென்ன செய்யப்படுகிறது என்று உலகத்துக்குக் காட்டி வியாபாரத்தைப் பெருக்கும் கண்காட்சி. அது முடிந்த பிறகு நிலம் பொதுப் பூங்காவாக வேண்டும் என்பது திட்டம். வேலைகள் தொடங்கின. சீனப் பாணியில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரமும் எழுந்தது, அது இப்பவும் நிற்கிறது. ஆனால் 1925 நவம்பரில், கண்காட்சி தொடங்குவதற்கு முன்பே, மன்னர் இறந்துவிட்டார். கண்காட்சி நடக்கவே இல்லை. மிஞ்சியது பூங்கா மட்டும். தாய்லாந்தின் முதலாவது பொதுப் பூங்கா அதுதான். நேபாளத்தில் புத்தர் பிறந்த இடத்தின் பெயர் அதற்கு.

யோசித்துப் பாருங்கள். பொருள் காட்டவும் விற்கவும் ஒதுக்கிய நிலம், விற்க வேண்டியது நடக்காமல் போனதால், ஒன்றும் விற்காத நிலமாகவே நிலைத்துவிட்டது. நூறு வருடங்களாக அப்படியே கிடக்கிறது. அதற்குள் இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய இராணுவம் வந்து முகாம் போட்டது. போய்விட்டது. பூங்கா இருக்கிறது.

தமிழில் ‘சும்மா’ என்ற சொல்லை நாங்கள் எத்தனை விதமாகப் பாவிக்கிறோம்! சும்மா வந்தேன், சும்மா கேட்டேன், சும்மா தந்தார், சும்மா சொன்னேன். காரணம் இல்லாமல், காசு இல்லாமல், உள்நோக்கம் இல்லாமல் என்று அதற்குள் எல்லாம் இருக்கிறது. வீட்டுக்குள் அது நல்ல சொல். யாராவது வாசலில் வந்து நின்று “சும்மா பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்” என்றால் அதைவிட அன்பான வார்த்தை உண்டா? ஆனால் வீட்டுப் படலையைத் தாண்டி வீதிக்கு வந்ததும் அதே சொல் குற்றமாகிவிடுகிறது. “சும்மா நிக்கிறான்”, “சும்மா திரியிறாள்”. பெடியன் என்றால் காவாலி. பெட்டை என்றால், மிச்சத்தை நான் எழுதத் தேவையில்லை.

இது வெறும் எங்கட சனத்தின் வாய்ப்பழக்கம் என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் சட்டமே இதற்கு இருக்கிறது. 1841 இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த, ‘வேக்ரன்ற்ஸ்’ சட்டம் என்று சொல்லப்படும் அலைந்து திரிபவர்களுக்கான கட்டளைச் சட்டம். வேலை செய்யக்கூடிய உடம்போடு வேலை செய்யாமல் திரிகிறவர்களை ‘சோம்பேறிகள், ஒழுங்கற்றவர்கள்’ என்று வகைப்படுத்திப் பிடிக்க அது வழி செய்தது. வெள்ளைக்காரன் போய்விட்டான், சட்டம் போகவில்லை. பாலியல் தொழிலாளர்கள் மீதும், திருநங்கைகள் மீதும், வீதியில் படுப்பவர்கள் மீதும் அது எப்படிப் பாவிக்கப்பட்டது என்பதை மனித உரிமை அமைப்புகள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கின்றன. சும்மா இருப்பதைக் குற்றமாக்கிய சட்டம் என்று நான் அதைச் சொல்வேன்.

அதற்கு மேல் எங்களுக்கு வேறொரு கணக்கும் இருக்கிறது. என் அம்மா தொண்ணூறுகளில் கொழும்பில் லொட்ஜில் இருந்தவர். பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் கடைக்குக்கூடப் போனதில்லை என்று சொல்வார். வீதியில் நிறுத்தினால் மூன்று கேள்வி: எந்த ஊர், எங்கே போறாய், ஏன் போறாய். மூன்றாவதுக்குத்தான் பதில் தயாராக இருக்கவேண்டும். ஆஸ்பத்திரிக்கு, பாஸ்போர்ட் ஒபிஸுக்கு, ஏஜென்சிக்கு. “சும்மா” என்பது பதில் அல்ல. சும்மா நிற்கிற தமிழர் சந்தேகத்துக்குரிய தமிழர். அந்தத் தலைமுறை எங்களை வளர்க்கும்போது சோற்றோடு இதையும் ஊட்டியிருக்கிறது. சோதனைச்சாவடிகள் குறைந்துவிட்டன. கேள்வி எங்களுக்குள் இருக்கிறது. மரத்தடியில் நான் காரணம் தேடிக்கொண்டிருந்தது அதனால்தான்.

இது என் கற்பனை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்னச் சம்பவம். இரண்டு வருடங்களுக்கு முன், கொழும்பில் ஒரு பூங்காவில், நானும் என்னோடு படித்த தோழியும் வாங்கில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். இரண்டு பெண்கள், பட்டப்பகல், கையில் ஆளுக்கொரு ரோல்ஸ். செக்யூரிட்டி அங்கிள் ஒருவர் வந்து “மொகத கரன்னே?” என்றார். என்ன செய்கிறீர்கள்? சும்மா இருக்கிறோம் என்றோம். “சும்மா இருக்க வேண்டாம், நடக்கிறதெண்டால் நடவுங்கோ” என்று அர்த்தப்பட ஏதோ சொல்லிவிட்டு, நாங்கள் எழும்பும்வரை பக்கத்திலேயே நின்றார். நடப்பதற்கு அனுமதி உண்டு. இருப்பதற்கு இல்லை. அங்கிளில் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் மேலே ஒருவர் சொல்லியிருப்பார். ஆனால் அன்றைக்கு நாங்கள் கதைத்து முடிக்க வேண்டியிருந்த விஷயத்தை ஒரு கபேயில் ஆயிரம் ரூபாவுக்கு மேல் கொடுத்துத்தான் கதைத்து முடித்தோம். ஒரு கோப்பி வாங்கினால் ஒரு மணித்தியாலம் இருக்கலாம். எங்கட நகரங்களில் இருப்பதற்கு வாடகை இருக்கிறது.

இதை எழுதும்போது ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுக்கு நான்கு நாள் போய்விட்டு வந்து “அங்கை சொர்க்கம், இஞ்சை நரகம்” என்று எழுதுகிற ஆக்களை எனக்கும் பிடிக்காது. லும்பினி சொர்க்கம் இல்லை.

முதலாவது, நான் சுற்றுலாப் பயணி. என்னை யாரும் கேள்வி கேட்கவில்லை என்றால் அதில் பாதி, பயணிகளின் காசில் ஓடுகிற ஒரு நகரம் தன் பயணிகளுக்குக் காட்டும் பொறுமை. வீடில்லாத ஒருவர் அதே மரத்தடியில் அழுக்குப் பையோடு படுத்திருந்தால் அவருக்கும் அதே பொறுமை கிடைக்குமா? பூங்கா அதிகாலை 4.30க்குத் திறக்கிறது, இரவு பூட்டுகிறது. படுக்க இடமில்லாதவர்களுக்கு மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் வாசல் மூடியிருக்கும்.

இரண்டாவது, மாலை ஆறு மணி. ஒலிபெருக்கியில் தேசிய கீதம் தொடங்கியது. தினமும் காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் தாய்லாந்தின் பொது இடங்களில் இது ஒலிக்கும். ஓடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பாய் விரித்துப் படுத்திருந்தவளும் எழும்பி நின்றாள். நானும் நின்றேன், பயத்தில். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். கீதம் முடிந்ததும் நிறுத்திய இடத்திலிருந்து வீடியோவைத் தொடர்வதுபோல எல்லாரும் அசைந்தார்கள். தேசிய கீதம் என்றால் எங்கட ஆக்களுக்கு வேறு கனக்க ஞாபகங்கள் வரும், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் அந்த நிமிடம் எனக்கு ஒன்றைச் சொன்னது: சும்மா இருக்க விடுகிற அரசும், நீ யாருடைய நிலத்தில் சும்மா இருக்கிறாய் என்று நாளுக்கு இரண்டு முறை ஞாபகப்படுத்துகிறது. அந்த நாட்டு இளம் ஆக்களிலும் எல்லாரும் இதை ஏற்றுக்கொண்டு நிற்பவர்கள் இல்லை. 2020 இல் பாடசாலை மாணவர்கள் கீதம் ஒலிக்கும்போது மூன்று விரலைத் தூக்கி எதிர்ப்புக் காட்டினார்கள்.

மூன்றாவது, இந்தப் பூங்காவும் அதைச் சுற்றியுள்ள வீதிகளும் எப்போதும் அமைதியாக இருந்ததில்லை. 2010 இல் சிவப்புச் சட்டைக்காரர்கள் இதே மன்னர் சிலைக்கு முன்னால் ரயரும் மூங்கிலும் அடுக்கித் தடுப்புப் போட்டிருந்தார்கள். மே 19 அன்று இராணுவக் கவச வாகனங்கள் அதை உடைத்துக்கொண்டுதான் உள்ளே போயின. 2014 மார்ச்சில் இன்னொரு பக்கத்தைச் சேர்ந்த போராட்டக்காரர்கள் பூங்காவுக்குள்ளேயே கூடாரம் அடித்தார்கள். அந்த மே மாதம் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது.

ஆனால் இந்த மூன்றாவதை நான் குறையாகச் சொல்லவில்லை. உண்மையில், பூங்கா ஏன் முக்கியம் என்பதற்கு அதுதான் பெரிய காரணம். சனம் சும்மா இருக்கப் பழகிய இடத்தில்தான் ஒரு நாள் சேர்ந்து இருக்கவும் முடியும். எங்களுக்கே தெரியும். 2022 இல் காலிமுகத்திடல் என்ன? அதுவரை மாலையில் பட்டம் விடவும், இறால் வடை தின்னவும், கடலைப் பார்க்கவும் சனம் போன வெறும் புல்வெளி. சும்மா போன இடம். அந்த நிலம் அங்கே திறந்து கிடந்ததால்தான் ஏப்ரலில் ஆயிரக்கணக்கானவர்கள் போய் இருக்க முடிந்தது. மோலுக்குள் ‘கோட்டா கோ கம’ அமைத்திருக்க முடியுமா? முன்வாசலிலேயே பையைச் சோதித்து அனுப்பியிருப்பார்கள். ஆகவே, திறந்த வெளியில் வாங்கு போடாமல் விடுவதும், இருந்தால் எழுப்பி விடுவதும், ‘நடக்க மட்டும்’ என்று பாதை போடுவதும் வெறும் அழகுபடுத்தல் பிரச்சினை என்று நான் நினைக்கவில்லை.

லும்பினியைச் சுற்றி இப்போது என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தில் 2024 இல் திறந்த ‘வன் பாங்கொக்’ என்ற பிரமாண்டமான கட்டடத் தொகுதி. சிலைக்கு எதிர்ப்பக்கம், பழைய டுசிட் தானி ஹோட்டல் இருந்த இடத்தில் இன்னொன்று. அதில் வந்த மோலுக்குப் பெயர் ‘சென்ட்ரல் பார்க்’. உண்மையான பூங்காவுக்கு முன்னால் பூங்கா என்று பெயர் வைத்த மோல்! கூரையில் தோட்டமும் போட்டிருக்கிறார்கள், கீழே பார்த்தால் லும்பினி பச்சையாகத் தெரியும். அதாவது, விற்காமல் விட்ட அந்த நிலத்தின் பச்சையைக் காட்டித்தான் சுற்றியுள்ளவர்கள் தங்களுடையதை விற்கிறார்கள். சும்மா கிடக்கும் நிலத்துக்கு மதிப்பில்லை என்று சொல்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டாம்.

எதிர்த்திசையில் ஒரு நல்ல உதாரணமும் உண்டு. லும்பினியிலிருந்து வீதிகளுக்கு மேலாகப் போகிற ஒரு நடைபாலம் பெஞ்சகிட்டி பூங்காவுக்குக் கொண்டுபோகும். அங்கே இருந்தது அரசின் சிகரெட் தொழிற்சாலை. அதை அகற்றிவிட்டு நிலத்தைக் குளமும் காடுமாக மாற்றி, 2022 இல் முழுதாகத் திறந்தார்கள். இரண்டு பகுதியும் சேர்ந்தால் லும்பினியைவிடப் பெரிது. கால்வாயின் அழுக்குத் தண்ணீரை நாணலுக்கும் தாவரங்களுக்கும் ஊடாக ஓடவிட்டுத் துப்புரவாக்குகிறார்கள். மழை வெள்ளத்தை அந்தக் குளங்கள் வாங்கிக்கொள்கின்றன. தொழிற்சாலைக் கட்டடங்கள் சிலதை இடிக்காமல் விளையாட்டு மண்டபமாக்கியிருக்கிறார்கள். முதலாவது பூங்கா மன்னர் இறந்ததால் தப்பியது. இரண்டாவது அப்படித் தப்பியது இல்லை. யோசித்து, முடிவெடுத்துச் செய்தது. அப்படியென்றால் நாங்களும் செய்யலாம்.

எங்களிடம் ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. யாழ்ப்பாணத்தில் சுப்பிரமணியம் பூங்கா இருக்கிறது. ஆரியகுளத்தைத் திருத்தி 2021 கடைசியில் திறந்தார்கள். பண்ணைக் கடற்கரைக்கு மாலையில் எவ்வளவு சனம் வருகிறது என்று பார்த்தாலே இடத்துக்கு எவ்வளவு பசி இருக்கிறது என்று விளங்கும். கேள்வி, இடம் இருக்கா என்பது மட்டும் இல்லை. அங்கே யார், எவ்வளவு நேரம், என்ன காரணத்தோடு இருக்கலாம் என்பது. குழந்தையோடு போனால் காரணம் இருக்கிறது. சப்பாத்துப் போட்டு நடந்தால் காரணம் இருக்கிறது. ஒரு பெண் தனியப் போய் இருந்தால்? ஒரு சோடி கதைத்துக்கொண்டிருந்தால்? வேலை கிடைக்காத ஒரு பெடியன் வீட்டில் இருந்து ஏச்சு வாங்காமல் இரண்டு மணித்தியாலம் இருக்க வந்தால்?

நான் கேட்பது பெரிய திட்டங்களை அல்ல. நிழல். முதுகு சாய்க்கக்கூடிய வாங்கு. பெண்கள் கூச்சமில்லாமல் போகக்கூடிய மலசலகூடம். இருட்டினால் வெளிச்சம். குடிக்கத் தண்ணீர். கூடவே, காவலுக்கு நிற்கிறவர்களுக்கு ஒரு பயிற்சி: ஒருவர் இன்னொருவரைத் தொந்தரவு செய்தால் தலையிடு. ஒருவர் சும்மா இருந்தால் அது உன் வேலையும் இல்லை, அவர் குற்றமும் இல்லை. பிரதேச சபை, மாநகர சபை வேட்பாளர்கள் வாசலுக்கு வரும்போது இதையும் கேட்போம். றோட்டு, லைட் கேட்பதுபோல.

மிச்சம் எங்கட கையில் இருக்கிறது. ஊருக்கு வந்த அடுத்த ஞாயிறு, அம்மாவைப் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாய் ஒன்று கொண்டுபோனேன், ஃப்ளாஸ்கில் தேத்தண்ணி. கடலைப் பார்த்தபடி விரித்தேன். அம்மா முதலில் இருக்கவே மாட்டன் என்றார். பிறகு பாயின் ஓரத்தில், எழும்பி ஓட ஆயத்தமாக இருப்பவர்போல, செருப்பைக் கழற்றாமல் இருந்தார்.

பத்து நிமிசத்தில் கேட்டார்: “போவமே? ஆக்கள் பாக்கினம்.”

“பாக்கட்டும் அம்மா.”

“ஆரும் தெரிஞ்ச ஆக்கள் கண்டால் என்ன சொல்லுறது?”

“சும்மா வந்தனாங்கள் எண்டு சொல்லுங்கோ.”

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளில் ஒருவர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டார். அடுத்து ஒரு அன்ரி நின்று, “என்ன ரீச்சர், இஞ்சாலை?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார்.

“பிள்ளைக்கு வயித்துக்கு ஏலாது, காத்துப் பிடிக்கட்டும் எண்டு கூட்டிக்கொண்டு வந்தனான்” என்றார்.

அன்ரி போன பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அம்மா செருப்பைக் கழற்றிப் பாய்க்கு வெளியில் வைத்தார். இருட்டும் வரைக்கும் அங்கேதான் இருந்தோம்.